வார்டு ஆயாவுக்கும் ஒரு படிக்கட்டு வேண்டும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலேயே நம் காலனி வீடுகளில் ஒரு கணக்குப் பேச்சு தொடங்கிவிடும். பெண் பிள்ளை என்றால் அந்தப் பேச்சு பெரும்பாலும் நர்சிங் படிப்பில் வந்து நிற்கும். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல், சீருடை, பஸ் செலவு. கல்வி உதவித்தொகை வந்து சேரும்வரை யாரிடம் கைமாற்று வாங்குவது? மூன்று, நான்கு ஆண்டுகள் அந்தப் பிள்ளையின் சம்பாத்தியம் இல்லாமல் வீடு தாங்குமா? பதில் கிடைக்காத வீட்டுப் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் துணிக்கடைக்கும் போய்விடுகிறார்கள்.

இந்தக் கணக்கில் யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒருவர் அதே வீட்டில் இருக்கிறார். அவர்தான் அந்தப் பிள்ளையின் அம்மா. பல வீடுகளில் அவர் ஏற்கெனவே மருத்துவமனையில்தான் வேலை செய்கிறார். தூய்மைப் பணியாளர், பல்நோக்குப் பணியாளர், வார்டு ஆயா என்று பதிவேட்டில் பெயர் மாறும், வேலை மாறாது. பிரசவ வார்டில் ரத்தம் துடைப்பார், பெட்பேன் எடுப்பார், எழ முடியாதவரைப் புரட்டிப் படுக்க வைப்பார், ஸ்ட்ரெச்சர் தள்ளுவார். காய்ச்சல் ஏறினால் சிஸ்டரைக் கூப்பிட ஓடுவதும் அவர்தான். பதினைந்து ஆண்டுகள் இப்படி உழைத்தாலும் பதினாறாவது ஆண்டிலும் அவர் ஆயாதான். அவருக்கும் நர்சுக்கும் இடையே உள்ள தூரம் பத்தடி. அந்தப் பத்தடியைக் கடக்க ஒரு வழிகூட இல்லை. இது இயல்பானது என்று நாமும் பழகிப்போயிருக்கிறோம்.

அந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் யார் என்று இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலித் மக்கள், பல ஊர்களில் குறிப்பாக அருந்ததியர். 1920 ஜனவரி 31 அன்று தாம் தொடங்கிய ‘மூக்நாயக்’ இதழின் முதல் தலையங்கத்தில், சாதிச் சமூகத்தைப் படிக்கட்டே இல்லாத அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஒப்பிட்டார் அண்ணல் அம்பேத்கர். எந்த மாடியில் பிறந்தோமோ அங்கேயே சாக வேண்டும் என்பதே அந்தக் கட்டடத்தின் விதி. நம் அரசு மருத்துவமனைகளில் லிஃப்ட் உண்டு, சாய்தளம் உண்டு. அம்பேத்கர் சொன்ன படிக்கட்டு மட்டும் இல்லை.

வார்டில் கழிவு எடுப்பவர் அதே வார்டில் வேலை செய்துகொண்டே, சம்பளம் வாங்கிக்கொண்டே நர்ஸ் ஆகும் வழி வேறெங்காவது இருக்கிறதா? இங்கிலாந்தில் ஒரு வழி இருக்கிறது. அதன் நல்லது கெட்டது இரண்டையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கிலாந்தின் நடுப்படி

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையை என்.எச்.எஸ். என்பார்கள். 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. அங்கும் நர்சுகளுக்குக் கீழே உதவியாளர்கள் உண்டு. நோயாளியைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, மலஜலம் கவனிப்பது, படுக்கை மாற்றுவது ஆகியவை அவர்களின் வேலை. நெடுங்காலம் இவர்களுக்கு ஒரே சீரான பயிற்சி இல்லை. மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனையில் நோயாளிகள் கவனிப்பாரற்றுக் கிடந்த விவகாரம் நாட்டையே உலுக்கியது. அதைப் பற்றிய விசாரணை அறிக்கை 2013-ல் வந்தது. அதே ஆண்டில் கமிலா காவென்டிஷ் என்பவர் உதவியாளர்களின் நிலையைத் தனியாக ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். 2015-ல் வில்லிஸ் பிரபு தலைமையில் நடந்த ஆய்வு, உதவியாளருக்கும் நர்சுக்கும் நடுவே பாலமாக ஒரு பணி வேண்டும் என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் அரசு அதை ஏற்று அறிவித்தது.

அந்தப் பணியின் பெயர் நர்சிங் அசோசியேட். 2017-ல் முதல் 2,000 பேருக்குப் பயிற்சி தொடங்கியது. 2019 ஜனவரி 28 அன்று, நர்சுகளைப் பதிவு செய்யும் அதே கவுன்சில் இவர்களுக்கும் பதிவேட்டைத் திறந்தது. நர்சுகளுக்கு உள்ள அதே நடத்தை விதிகள் இவர்களுக்கும் உண்டு.

பயிற்சி இரண்டு ஆண்டுகள். குறைந்தது 2,300 மணி நேரம். அதில் பாதி பாடம், பாதி நோயாளிகளோடு பயிற்சி. பெரும்பாலோர் இதைத் தொழிற்பழகுநராக, அதாவது அப்ரண்டிஸாகப் படிக்கிறார்கள். மருத்துவமனை அவரை வேலைக்கு வைத்துச் சம்பளம் கொடுக்கிறது. அவர் தம் வார்டிலேயே வேலை செய்கிறார். குறித்த நாட்களில் கல்லூரிக்குப் போகிறார். குழந்தைகள் பிரிவு, மனநலப் பிரிவு, வீடு தேடிச் செல்லும் மருத்துவக் குழு என்று வேறு இடங்களிலும் பழகுகிறார். படிக்கும் நேரத்தை வேலை விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த நேரத்துக்குப் பாதுகாப்பு தர வேண்டும் என்று கவுன்சில் விதி வைத்திருக்கிறது.

கல்லூரிக் கட்டணத்தை அவர் கட்டுவதில்லை. 2017 ஏப்ரல் முதல் அங்கே ஒரு தீர்வை இருக்கிறது. ஆண்டுக்கு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கும் எந்த நிறுவனமும் 0.5 சதவீதத்தைத் தொழிற்பழகுநர் பயிற்சிக்காக ஒதுக்க வேண்டும். பயிற்சிச் செலவு அந்தப் பணத்திலிருந்து போகிறது.

சேர்வதற்கான கல்வித் தகுதி, நம் 10-ம் வகுப்புக்கு இணையான தேர்வில் ஆங்கிலமும் கணிதமும் தேறியிருப்பது. இல்லாதவர்கள் அதற்குச் சமமான எளிய தேர்வு ஒன்றை எழுதித் தகுதி பெறலாம். இதனால் முப்பது, நாற்பது வயதில் குழந்தை குட்டியோடு இருக்கும் உதவியாளர்களும் சேர முடிகிறது. இந்த வழி எவ்வளவு தேவைப்பட்டது என்பதை இன்னொரு நிகழ்வு காட்டுகிறது. நர்சிங் பட்டப்படிப்பு மாணவர்களுக்குத் தந்துவந்த உதவித்தொகையை 2017 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்து அரசு நிறுத்தியது. அதன்பின் விண்ணப்பங்கள் குறைந்தன. வயதில் மூத்தவர்களின் விண்ணப்பங்கள் அதிகம் குறைந்தன. கடன் வாங்கிப் படிக்க இளைஞர் துணியலாம். பிள்ளைகளை வளர்க்கும் தாய் துணிவது கடினம்.

பெட்பேனும் மருந்தும்

இந்தத் திட்டத்தில் நம் கண்ணில் முதலில் பட வேண்டியது சம்பள அட்டவணை. 2004 முதல் என்.எச்.எஸ்.-ல் டாக்டர்களும் உயர் நிர்வாகிகளும் தவிர மற்ற எல்லோருக்கும் ஒரே அட்டவணைதான். என்.எச்.எஸ்.-ன் நேரடி ஊழியர் என்றால், துப்புரவுப் பணியாளரும் நோயாளி உதவியாளரும் பொதுவாக 2-ம் படி. பயிற்சி பெறும் நர்சிங் அசோசியேட் 3-ம் படி. பயிற்சி முடித்தால் 4. பதிவு பெற்ற நர்ஸ் 5-ல் தொடங்குகிறார். துடைப்பம் பிடிப்பவரும் ஸ்டெதாஸ்கோப் பிடிப்பவரும் ஒரே ஏணியின் வெவ்வேறு படிகளில் நிற்கிறார்கள். அடுத்த படி எது, அதற்கு என்ன படிக்க வேண்டும் என்று கீழ்ப்படியில் நிற்பவருக்குத் தெரிகிறது.

இரண்டாவது, வேலையின் உள்ளடக்கம். நோயாளியைக் குளிப்பாட்டுவதும் கழிப்பறைக்கு அழைத்துப் போவதும் நர்சிங் அசோசியேட் கற்றுத் தேற வேண்டிய திறன்கள். மருந்து கொடுப்பதும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்துக் குறிப்பதும், நிலை மோசமாவதைக் கண்டுபிடிப்பதும் அதே பட்டியலில் வருகின்றன. நோயாளியின் தேவையை மதிப்பிட்டுப் பராமரிப்புத் திட்டம் வகுக்கும் பொறுப்பு மட்டும் முழு நர்சிடம் இருக்கிறது. ஆக, காலையில் பெட்பேன் எடுத்த கை, கழுவி உறை மாற்றிக்கொண்டு மாத்திரையும் கொடுக்கிறது. யாரும் அதைத் தீட்டு என்று சொல்வதில்லை.

நம் நாட்டிலும் நர்சிங் ஒரு காலத்தில் தீட்டு வேலையாகவே கருதப்பட்டது. பிறர் உடலையும் ரத்தத்தையும் கழிவையும் தொட வேண்டும் என்பதால் ‘மேல்’சாதிக் குடும்பங்கள் ஒதுங்கி நின்றன. மிஷன் மருத்துவமனைகளும் அவற்றில் சேர்ந்த கிறித்தவப் பெண்களும்தான் அந்த வேலையைத் தூக்கி நிறுத்தினார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவமனையில் 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கியது. 1946-ல் பட்டப்படிப்பு வந்தது. நர்சிங் மெல்ல மெல்ல மதிப்புள்ள தொழிலானது. அது நல்லதே. ஆனால், மதிப்பு வந்தபோது வேலை இரண்டாகப் பிரிந்தது. ஊசியும் மருந்தும் பதிவேடும் ஒரு பக்கம் போயின. மலமும் ரத்தமும் அழுக்குத் துணியும் இன்னொரு பக்கம் போயின. அந்தப் பக்கத்தில் நம் பெண்களை நிறுத்திவிட்டார்கள்.

தமிழ் மரபு இப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. திருக்குறளின் 95-வது அதிகாரம் ‘மருந்து’. அதன் கடைசிக் குறள் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என்ற நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று எண்ணிச் சொல்கிறது. நான்கில் ஒரு பங்காக வள்ளுவர் வைத்தவரை நாம் ஒப்பந்தத் தொழிலாளியாக வைத்திருக்கிறோம்.

படி எப்போது பொறியாகிறது?

இங்கிலாந்தைப் புகழ்ந்துவிட்டுப் போவது நம் நோக்கமல்ல. அங்கே இதற்கு முன்பும் ஒரு நடுப்படி இருந்தது. அந்தக் கதை நமக்கு இன்னும் முக்கியம்.

1943-ல் வந்த நர்சுகள் சட்டம், உதவி நர்சுகளுக்கென இரண்டாம் நிலைப் பட்டியல் ஒன்றை உருவாக்கியது. பின்னாளில் இவர்களை ‘என்ரோல்டு நர்ஸ்’ என்றார்கள். இவர்களுக்குப் பயிற்சி இரண்டு ஆண்டு. முழு நர்சுக்கு மூன்று ஆண்டு. போருக்குப்பின் ஆள் பற்றாக்குறையால் தவித்த பிரிட்டன், கரீபியன் தீவுகளிலிருந்து கறுப்பினப் பெண்களை நர்சிங் பயிற்சிக்கு அழைத்தது. முழு நர்ஸ் ஆகும் கனவோடு கப்பலேறிய பலரை அங்கே இரண்டாண்டுப் படிப்பில் தள்ளிவிட்டார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பலருக்குச் சேர்ந்த பிறகே தெரிந்தது. அந்தச் சான்றிதழை அவர்களின் சொந்தத் தீவுகள் பலவற்றில் நர்ஸ் தகுதியாக ஏற்கவில்லை. இங்கிலாந்திலோ அதை வைத்துப் பதவி உயர்வு பெற முடியவில்லை. இரவுப் பணியும் கடினமான வார்டுகளும் அவர்களுக்கு வாய்த்தன. 1980-களின் இறுதியில் நர்சிங் கல்வி மாறியபோது அந்தப் பயிற்சியே கைவிடப்பட்டது. ஏற்கெனவே அந்த நிலையில் இருந்தவர்கள், முழு நர்ஸ் ஆவதற்கு மாற்றுப் படிப்பில் இடம் தேடி அலைந்தார்கள்.

மேலே அடுத்த படி இல்லாத படியில் ஏறி நின்றவர்கள் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். அப்படிச் சிக்கியவர்களில் கறுப்பினப் பெண்கள் மிகுதி. நம் ஊரில் அது யாராக இருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

இப்போதைய நர்சிங் அசோசியேட் பணியில் அந்தத் தவறைத் திருத்த முயன்றிருக்கிறார்கள். அசோசியேட்டாகப் படித்தது முழு நர்ஸ் படிப்பில் கழித்துக்கொள்ளப்படுகிறது. மீதியைச் சுமார் இரண்டு ஆண்டில் முடித்து முழு நர்ஸ் ஆகலாம். அதையும் சம்பளத்தோடு தொழிற்பழகுநராகவே செய்ய வழி இருக்கிறது. எல்லோருக்கும் அந்த வாய்ப்பு உடனே கிடைத்துவிடுவதில்லை. ஊழியர் படிக்கப் போகும் நேரத்துக்கு மாற்று ஆள் போட வேண்டும். தீர்வைப் பணத்தைச் சம்பளத்துக்குச் செலவிட விதியில்லை. அதனால் மருத்துவமனைகள் தயங்குகின்றன. வெள்ளையர் அல்லாத ஊழியர்கள் மேல் பதவிகளில் குறைவாக இருக்கும் நிலை தொடர்கிறது. அதைக் கணக்கெடுப்பதற்கென்றே 2015 முதல் என்.எச்.எஸ். தனி அளவீடு வைத்திருக்கிறது. நம் மருத்துவமனைகளில் எந்தச் சாதியினர் எந்தப் பதவியில் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் எண்ணி வெளியிட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

குலக்கல்வி என்ற அச்சம்

‘வேலை செய்துகொண்டே படிப்பு’ என்றதும் தமிழ்நாட்டில் ஒரு சந்தேகம் எழும். எழத்தான் வேண்டும். 1953-ல் ராஜாஜி அரசு, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் தகப்பன் தொழிலிலும் பழகலாம் என்று ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று பெயர் சூட்டி மக்கள் எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அதே வடிவில் ஏற்க மறுத்ததற்கும், குடும்பத் தொழிலோடு பயிற்சியைக் கட்டிப்போடுகிறது என்ற கவலைதான் காரணம்.

அப்படியானால் இதுவும் குலக்கல்விதானா? வித்தியாசம் காண ஒரு கேள்வி போதும். பயிற்சி முடிந்தபின் அவர் எங்கே நிற்கிறார்? செருப்புத் தைப்பவர் பிள்ளைக்குச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொடுத்தால் அவன் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறான். கழிவு எடுக்கும் பெண்ணுக்கு நவீன எந்திரத்தால் கழிவு எடுக்கக் கற்றுக்கொடுத்தாலும் அப்படித்தான். அதே பெண் மருந்து அளவு கணக்கிடவும் நோயாளியின் நிலையைப் பதிவு செய்யவும் கற்று, கவுன்சில் பதிவெண் வாங்கினால் அவர் வேறு இடத்தில் நிற்கிறார். சாதி ஒதுக்கிய வேலையிலிருந்து வெளியேற அவருக்குக் கதவு திறக்கிறது.

‘நம் மக்கள் இந்த வேலையை விட்டே வெளியேற வேண்டும், அதில் என்ன ஏணி?’ என்று தோழர்கள் கேட்பார்கள். நம் பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவே கூடாது என்பதில் நமக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், இன்று முப்பத்தைந்து வயதில் வார்டில் நிற்கும் பெண்ணிடம் ‘வேலையை விட்டுவிடு’ என்று சொல்ல நம்மிடம் வேறு வேலை இல்லை. அவர் வெளியேறுவதற்கான வழிகளில் ஒன்று மேல்நோக்கியும் இருக்கட்டும்.

நம் ஏணியில் உடைந்திருப்பது எது?

நம் நர்சிங் கல்வியில் ஏணியே இல்லை என்று சொல்ல முடியாது. ஏ.என்.எம். இரண்டு ஆண்டு. அதை முடித்தவர் மூன்றாண்டு ஜி.என்.எம். சேர விதியில் இடம் உண்டு. ஜி.என்.எம். முடித்தவர் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கலாம். அதன்பின் எம்.எஸ்சி. நடுவிலும் மேலும் படிகள் இருக்கின்றன. உடைந்திருப்பது முதல் படி. வார்டு ஆயாவுக்கும் ஏ.என்.எம்.முக்கும் நடுவே எதுவுமே இல்லை. அவருடைய பதினைந்து ஆண்டு அனுபவத்துக்கு எந்தப் படிப்பிலும் ஒரு மணி நேரக் கழிவுகூடக் கிடையாது.

அந்த இடத்தில் இப்போது முளைத்திருப்பவை சில மாதச் சான்றிதழ் படிப்புகள். ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’ என்ற பெயரில் திறன் மேம்பாட்டு மையங்கள் நடத்துகின்றன. தனியார் மருத்துவமனையில் குறைந்த சம்பளத்துக்கு வேலை கிடைக்கலாம். ஆனால், அந்தச் சான்றிதழால் நர்சிங் கவுன்சிலில் பதிவு கிடைக்காது. நர்சிங் படிப்பில் ஒரு மாதம்கூடக் குறையாது. கரீபியன் பெண்கள் சிக்கிய பொறியைவிட இது சிறியது, அவ்வளவுதான்.

அடுத்த தடை ஒப்பந்த முறை. அரசு மருத்துவமனைகளின் தூய்மைப் பணி பெரும்பாலும் தனியார் ஒப்பந்த நிறுவனங்களிடம் இருக்கிறது. ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலியைக் கேட்டு இந்தத் தொழிலாளர்கள் வாயிலில் அமர்ந்த செய்திகளை இதே நாளிதழில் வாசித்திருக்கிறோம். சம்பளம் தருவது ஒரு நிறுவனம், வேலை வாங்குவது வேறு நிறுவனம் என்றால் பயிற்சிக்கு அனுப்பப்போவது யார்? இட ஒதுக்கீட்டுச் சுழற்சியும் அங்கே எட்டிப்பார்ப்பதில்லை. 18 சதவீதமும் அதற்குள் அருந்ததியருக்கு 2009-ல் போராடிப் பெற்ற 3 சதவீதமும் நிரந்தரப் பணிகளுக்குப் பொருந்தும். நம் பெண்கள் நிறைந்திருக்கும் இடத்துக்கு அவை வருவதில்லை. இங்கிலாந்திலும் 1983 முதல் மருத்துவமனைத் துப்புரவை ஏலத்துக்கு விட்டார்கள். அதன் விளைவாக, 1995-ல் லண்டன் ஹில்லிங்டன் மருத்துவமனையில் கூலி வெட்டை எதிர்த்துத் தெற்காசியப் பெண் தொழிலாளர்கள் தொடங்கிய போராட்டம் ஐந்து ஆண்டுகள் நீண்டது. ஒப்பந்தம் புகுந்த இடத்தில் ஏணி உடையும் என்பதற்கு அந்த நாடும் சாட்சி.

மூன்றாவது தடை நம் சட்டத்திலேயே இருக்கிறது. இந்தியாவின் தொழிற்பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. அதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்குப் பயிற்சி இடங்களை ஒதுக்கும் 3-ஏ பிரிவு இருக்கிறது. நம்மில் பலருக்கு இது தெரியாது. அதே சட்டத்தின் 18-வது பிரிவோ, தொழிற்பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிர தொழிலாளி அல்ல என்கிறது. இங்கிலாந்தில் அப்ரண்டிஸ் ஓர் ஊழியர். சம்பளமும் விடுப்பும் பணிப் பாதுகாப்பும் அவருக்கு உண்டு. இங்கே அவருக்குச் சம்பளத்துக்குப் பதில் உதவித்தொகைதான். பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பத்தாண்டு வேலை பார்த்த ஆயாவை இந்த விதியின் கீழ் ‘பயிற்சியாளர்’ ஆக்கினால், இருக்கும் கூலியும் போய்விடும். அதை நாம் ஏற்கக் கூடாது.

நோயாளிக்கு ஆபத்தா?

‘ஆயாக்களை நர்ஸ் ஆக்கினால் நோயாளி கதி என்ன?’ என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் பாதி சாதி; பாதி நியாயம். நியாயமான பாதிக்குப் பதில் சொல்வோம். லிண்டா எய்க்கன் குழுவினர் ஆறு ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளை ஆராய்ந்து 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தகுதி பெற்ற நர்சுகளின் பங்கு குறைந்து உதவியாளர் பங்கு கூடிய இடங்களில் நோயாளி இறக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இங்கிலாந்தின் நர்ஸ் சங்கங்களும், மலிவான மாற்றாக அசோசியேட்டுகளைப் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரித்தன. நாமும் அதையே சொல்கிறோம். நர்ஸ் பணியிடத்தைக் காலியாக வைத்து அரைப் பயிற்சி பெற்றவரை அங்கே நிறுத்துவது நோயாளிக்குச் செய்யும் துரோகம். அந்த வார்டுகளில் படுத்திருப்பவர்களும் நம் மக்களே. தேர்வை எளிதாக்கச் சொல்லவில்லை. தேர்வு எழுதும் இடம்வரை போக வழி கேட்கிறோம்.

நாம் கேட்பது என்ன?

முதலாவது, அரசு மருத்துவமனைகளில் தூய்மைப் பணியும் வார்டுப் பணியும் செய்பவர்களை நேரடி ஊழியர்களாக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் இதுவே அடித்தளம். இரண்டாவது, 10-ம் வகுப்போ பிளஸ் டூவோ முடித்து வார்டில் வேலை செய்பவர்களுக்கு, முழுக் கூலியோடு படிக்கும் நாட்களைக் கொடுத்து ஏ.என்.எம்., ஜி.என்.எம். வரை கொண்டுசெல்லும் திட்டம் வேண்டும். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்கு அதை முடிக்கும் வழியும் அதோடு சேர வேண்டும். மூன்றாவது, அதில் தரும் எந்தச் சான்றிதழும் அடுத்த படிப்பில் கழித்துக்கொள்ளப்பட வேண்டும். அப்படி இல்லாத சான்றிதழே வேண்டாம்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டம், மறுவாழ்வுக்கான திறன் பயிற்சியின்போது மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகை தர வேண்டும் என்கிறது. படிக்கும் காலத்தில் குடும்பம் சாப்பிட வேண்டும் என்ற கொள்கையை நம் நாடாளுமன்றமே ஏற்றிருக்கிறது என்பதற்கு இது சான்று. தொகை போதாது, கொள்கை இருக்கிறது. 1974 முதல் இயங்கும் தாட்கோவும் நம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சிகள் நடத்துகிறது. குறுகிய காலச் சான்றிதழ்களுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியை இந்தப் பக்கம் திருப்பலாம்.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் இந்த அப்ரண்டிஸ் பயிற்சி, அங்கே வேலை செய்யும் உரிமையோடு வசிப்பவர்களுக்கானது. ‘அப்ரண்டிஸ் விசா வாங்கித் தருகிறோம்’ என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இங்கிருந்து நர்சாகப் போக விரும்புபவர்கள் இங்கே ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்துப் பதிவு பெற்ற பிறகே அந்த வழியைப் பார்க்க வேண்டும்.

கோரிக்கை வைக்கும் முன் நம் கையில் எண்ணிக்கை வேண்டும். நம் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் தூய்மைப் பணியிலும் வார்டுப் பணியிலும் எத்தனை பேர், யாருடைய சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள், அவர்களில் 10-ம் வகுப்பு முடித்தவர் எத்தனை பேர், பிளஸ் டூ முடித்தவர் எத்தனை பேர்? 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் இதைக் கேட்கலாம். கல்லூரி மாணவர்கள் ஊருக்கு ஒருவராக இந்த மனுவை எழுதுங்கள். ‘அப்படி ஒரு கணக்கே எங்களிடம் இல்லை’ என்று பதில் வந்தால், அந்தப் பதிலை இணைத்து, அந்தத் தாய்மார்களையும் அழைத்துக்கொண்டு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போவோம். நாங்களும் உடன் வருகிறோம்.